ஆறாவது தகடு

மழை பெய்யவில்லை. ஆனாலும் லைன் வாயை மூடிக்கொண்டது.

மின்கம்பி டவரின் அடியில் குந்தி, தரையில் பதித்த இரும்புத் தகட்டின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். காது அடைத்துக்கொண்டதோ என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். இல்லை. தூரத்துக் குவார்ட்டர்ஸில் யாரோ பிள்ளையை அதட்டுவது கேட்டது. கிளம்ப மாட்டேன் என்று ஒரு மோட்டார் சைக்கிள் இருமுவது கேட்டது. குவார்ட்டர்ஸ் பக்கம் கம்பிகள் வழக்கம்போல் சீறுவதுகூடக் கேட்டது. அவள் தலைக்கு நேர் மேலே மட்டும் சத்தம் இல்லை. நீளமாக விரித்த துணியில் ஒரு கிழிசல் மாதிரி, அங்கே மட்டும் ஒரு மௌனம்.

இராப்பகலாகச் சீறுகிற லைன் அது. காய்ந்த எண்ணெயில் ஈரக்கை பட்டது போல ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு வாரம் தூக்கம் வராமல் புரள்வார்கள். அப்புறம் மின்விசிறிச் சத்தம் மாதிரி பழகிவிடும், நின்றால்தான் தெரியும்.

அது அடங்குவது மழையில் மட்டும்தான். ஏசி மின்சாரம் ஓடும் பெரிய லைன்கள் மழை பட்டால் படபடவென்று பொரியும். இது டிசி லைன். வெயிலில் சீறும், மழையில் அடங்கும். அடங்கினால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அப்போதுதான் கம்பியிலிருந்து அதிகமாகக் கசியும். அந்தக் கசிவுக்குக் கொரோனா நஷ்டம் என்று பெயர். உலகத்தை முடக்கிய நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே சப்ஸ்டேஷனில் எல்லார் வாயிலும் புழங்கிய சொல். மழையில் எவ்வளவு கசிகிறது, பனியில் எவ்வளவு, தூசிக்காற்றில் எவ்வளவு என்று கண்காணிப்பதுதான் அவள் வேலை. கணவன் செத்த பிறகு கிடைத்த வேலை. ‘வானிலை அக்கா’ என்பார்கள்.

வானிலை அக்கா வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. கடைசி மழை பெய்து மாதக்கணக்காகிறது. வெயில் சாய்ந்து, டவரின் நிழல் நீளமாக விழுந்து, மண் பொரிந்து கிடந்தது.

ஆனால் அவள் கையிலிருந்த துணி ஈரமாக இருந்தது.

தகட்டைத் தொட்டாள். ஈரம். குனிந்து முகர்ந்தாள். புழுதியில் முதல் தூறல் விழுந்தால் எழும் அந்த வாசனை, அதற்குள் இன்னொன்று: நனைந்த கித்தான். லைன்மேன்கள் இடுப்பில் கட்டும், மழையில் ஊறிய கித்தான் பெல்ட்டின் புளித்த வாசனை.

அவள் எழுந்து நின்றாள். எழுந்ததும் மேலே லைன், மூச்சுவிட மறந்தவனுக்கு ஞாபகம் வந்தது போல, மறுபடி சீறத் தொடங்கியது.

கைபேசியில் அளவுத் திரையைத் திறந்தாள். டவர் அடியிலிருந்து அவள் வீட்டு மதில் வரைக்கும் வரிசையாக ஆறு தகடுகள். கம்பியிலிருந்து மண்ணுக்கு எவ்வளவு கசிவு இறங்குகிறது என்று காட்டுபவை. கொடியில் துணி எடுத்தால் சுள்ளென்று அடிக்கிறது, பிள்ளைகளின் தலைமுடி எழுந்து நிற்கிறது என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் புகார் சொன்ன பிறகு பதித்தது. ஐந்து தகடுகள் கோடைக் கணக்கில் இருந்தன. அவள் காலடியில் இருந்த முதல் தகடு மட்டும், அடைமழைக்குக் காட்டும் உயரத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த டவரில்தான் அவள் கணவன் செத்தான்.

*

லைன்மேன்களில் அவனுக்குப் ‘பூனை’ என்று பெயர். அந்தரத்தில் கம்பிமேல் நடப்பான், பூனை மதில்மேல் நடப்பது மாதிரி. ஆனால் தைரியசாலி இல்லை, ஜாக்கிரதைக்காரன். லைனை அணைக்கிற சுவிட்சுக்கு ஒரு சாவி உண்டு. அணைத்துப் பூட்டி, அந்தச் சாவியை ஏறுகிறவன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அவன் இறங்கும்வரை எவனாலும் லைனை எழுப்ப முடியாது. “சாவி என் பையில விழாம என் கால் தரையை விட்டுக் கிளம்பாது” என்பான். “கடவுளே வந்து ஏறுடான்னு சொன்னாலும், சாவியைக் குடுத்துட்டுச் சொல்லுங்க சாமின்னுதான் கேப்பேன்.”

அன்று கொட்டுகிற மழை. அவன் ஏறினான். பையில் சாவி இல்லை. லைன் அணைக்கப்படவில்லை.

விசாரணையில் ஷிப்ட் இன்ஜினியர் எழுந்து, மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, “அனுமதி இல்லாம அவனா ஏறினான்” என்றார். “குடிச்சிருந்திருக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் கணவன் வாழ்நாளில் குடித்ததில்லை. இந்த ஆள்தான் கத்தி அவனை ஏற்றிவிட்டிருக்க வேண்டும் என்று அவள் அப்போதே முடிவு கட்டினாள். அவள் எழுந்து கத்தப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி அவள் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தான். “விடுக்கா. விட்டுடுக்கா.” அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது.

தம்பி அப்போதுதான் வேறு ஊரில் ஏசி லைனிலிருந்து மாற்றலாகி இங்கே வந்திருந்தான். மாமாவின் குழுவிலேயே வேலை. சம்பவம் நடந்தபோது கயிறு எடுக்க ஜீப்புக்குப் போயிருந்ததாகச் சொன்னான். அவள் மடியில் முகம் புதைத்து நாள் கணக்கில் அழுதான். பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். வருஷத்தில் இரண்டு முறை வருவான், கோடையில் மட்டும். மழைக்காலத்தில் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். பாவம், அவ்வளவு பாசம் மாமாமேல் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

போன பருவத்தின் கடைசி மழையில் அவள் குடையில்லாமல் டவர் அடியில் போய் நின்றாள். மேலே லைன் ஊமையாகக் கிடந்தது. நனைந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“உன்னை ஏத்திவிட்டவன் நல்லா இருக்கான். தொந்தியும் தொப்பையுமா இருக்கான். நீ வா. வந்து அவனைக் கூட்டிட்டுப் போ. நான் பார்க்கணும்.”

அப்போது பதில் வரவில்லை. இப்போது, மழையே இல்லாத நாளில், தகடு நனைந்திருந்தது.

*

மறுநாள் மாலை அதே நேரம் அவள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். இரண்டாவது தகடு ஏறியது. அந்த இடத்துக்கு மேலே சீறல் அறுந்து, சற்றுப் பொறுத்து ஒட்டிக்கொண்டது.

கன்ட்ரோல் ரூமில் அந்த ஷிப்ட் இன்ஜினியர், அவள் மனசுக்குள் ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தவர், நாற்காலியை ஆட்டியபடி அவள் நீட்டிய திரையைப் பார்த்தார்.

“ஏம்மா, கோடையில அடைமழையா? உன் தகட்டுல நாய் காலைத் தூக்கியிருக்கும்.”

ஆபரேட்டர் பையன்கள் சிரித்தார்கள்.

“ரெண்டு நாளா ஒரே நேரத்துல சார். முதல் தகடு, அப்புறம் ரெண்டாவது.”

“அப்ப நாய் நடந்து வருதுன்னு அர்த்தம். நல்ல நாய், வரிசை தப்பல.” கண்ணாடியை மேலே தள்ளினார். “தகடு புதைச்சது கம்பெனிதாம்மா, மந்திரவாதி இல்ல. துடைச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போ. உன் வீட்டுக்காரர் மாதிரி நீயும் எதையாவது இழுத்து வெச்சுடாதே.”

அவள் திரும்பி நடந்தபோது நெஞ்சுக்குள் பயம் இருந்தது; பயத்துக்கு அடியில், சாம்பலுக்குள் கிடக்கிற நெருப்பு மாதிரி, இன்னொன்றும் இருந்தது. சந்தோஷம்.

*

மூன்றாம் நாள் அவள் மூன்றாவது தகட்டின் அருகே போய் நின்றுகொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. காய்ந்த புல். ஒரு சில்வண்டு. தலைக்கு மேலே பெருத்த கம்பிகளின் சீறல், அதன் கூடவே மூக்கில் ஏறும் அந்த உலோக வாசனை. பிறகு சில்வண்டு நின்றது. டவர் பக்கத்திலிருந்து சத்தம் இல்லாத ஏதோ ஒன்று அவளை நோக்கி வந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சீறல் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துத் துடைக்கப்படுவது போல, முதலாவதின் மேல், இரண்டாவதின் மேல், இதோ இங்கே. முன்கையில் மயிர் எழுந்தது. பின்னல் அவிழ்ந்த முடிகள் முகத்தை விட்டு விலகி மிதந்தன.

டிங்.

பெல்ட்டின் கொக்கி தொடையில் இடிக்கும் சத்தம். வேலை முடித்து வீடு வரும்போது தெருமுனையிலேயே கேட்கும். அதைக் கேட்டுத்தான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

டிங்.

எதிரே ஒன்றும் இல்லை. மாலை வெளிச்சம், தூசி. அவ்வளவுதான். அவள் கையை நீட்டினாள். விரல்கள் நனைந்தன. இன்னும் நீட்டினாள். மணிக்கட்டுவரை மழை கொட்டியது, அதற்கு இந்தப் பக்கம் கை காய்ந்து இருந்தது. குளிர்ந்த, கனத்த, அவன் ஏறிய அன்றைய மழை.

“வந்துட்டியா?” என்றாள். “யாருன்னு எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிதானே?”

நீர் சொட்டும் சத்தம்.

“நாளைக்கு நாலாவது தகட்டுக்கு வருவே. அவனை அங்க வரவைக்கிறேன்.”

டிங், என்றது கொக்கி. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

*

நாலாவது தகட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. மீட்டர் பெட்டி இருக்கிற இடம். “அந்த மீட்டர் தப்பாக் காட்டுது சார், நீங்க ஒருவாட்டி நேர்ல பார்த்துச் சொன்னாத்தான் மேலிடத்துக்கு எழுத முடியும்” என்று அவள் கேட்டபோது, தொல்லை விட்டால் போதும் என்று கண்ணாடி ஒத்துக்கொண்டார். “சாயங்காலம் வாக்கிங் போறப்ப பாக்கறேன். கூட நீ வராதே, உன் நாய்க் கதையை என்னால கேக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து, கைபேசியை ஜன்னல் கட்டையில் நிறுத்தி, கதவைச் சாத்தித் தாழிட்டாள். அப்போது வாசலில் யாரோ ஓடி வரும் சத்தம். சரக் சரக் என்று சரளைக்கல். கூடவே சாவிக்கொத்து குலுங்குவது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா! கதவைத் திற, கைல பெட்டி கனக்குது!”

தம்பி.

இந்தப் பிள்ளைக்கு நடக்கவே தெரியாது. மூன்று வயதிலிருந்து ஓட்டம்தான். சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். இளைத்திருந்தான், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?”

“சொன்னா நீ வடிச்சு வெச்ச சோத்துக்கு மேல வடிப்பே. எதுக்கு வேஸ்ட்டு?” நாற்காலியில் விழுந்தான். “பொண்ணு முடிவாயிடுச்சுக்கா. நீ வந்து பார்த்துட்டா சரி. நீ வேண்டாம்னா வேண்டாம்.”

“பொய் சொல்லாதே. மூஞ்சி முழுக்கப் பல்லா இருக்கு.”

அவன் சிரித்தான். சாவி சுழன்றது. அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தலை. ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். பெண் என்ன படித்திருக்கிறாள், நிறம் எப்படி, கோபக்காரியா என்று கேட்டாள். “உன்னைவிடக் கோபக்காரி உலகத்துல இல்லக்கா” என்றான். வெளியே வெயில் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் ஏறியது.

ஜன்னல் கட்டையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

முதல் தகடு.

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். தூரத்தில் தகரக் கொட்டகை தெரிந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே டார்ச் வெளிச்சம் அசைந்தது. கண்ணாடி வந்துவிட்டார்.

இரண்டாவது தகடு.

“என்னக்கா பாக்கறே?”

“ஒண்ணுமில்லடா. ஆபீஸ் வேலை.”

மூன்றாவது.

கம்பிகளின் சீறல் அங்கே அறுபடுவது வீட்டிலிருந்தே கேட்டது. இல்லை, கேட்காமல் போனது. அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். நாலு. வா. நாலு.

நாலாவது தகடு எகிறியது.

கொட்டகையில் டார்ச் அணைந்தது. அந்த விசாரணை அறை ஞாபகம் வந்தது. குடிச்சிருந்திருக்கலாம். சொல்லு, இப்போ சொல்லு. உன் வாயாலே சொல்லு.

கைபேசி கத்தியது. கண்ணாடி.

“ஏம்மா! என்னம்மா இது? மேலே பைப் ஏதாவது உடைஞ்சுதா? என்மேல… தலையிலேருந்து கால் வரைக்கும்…” பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது குரல். “நின்னுடுச்சு. மழை மாதிரி வந்துது, நின்னுடுச்சு. யாரோ பக்கத்துல… தாண்டிப் போன மாதிரி…”

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

தாண்டிப் போனது.

ஐந்தாவது தகடு.

இல்லை. அவள் உதடுகள் அசைந்தன. இது கணக்கில் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தகடு. கண்ணாடி அங்கே இருக்கிறார். அங்கே இருக்கிறாரே.

ஆறு.

வீட்டுக்கு மேலே லைன் அடங்கியது.

மழைச் சத்தமும் இல்லாமல், இந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அவள் கேட்காத அமைதி. சுவர்கள் பக்கத்தில் வந்துவிட்டது போல் இருந்தது. தம்பியின் விரலில் சாவிக்கொத்து சுழல்வதை நிறுத்தியது. அவன் தலையைத் தூக்கி, கூரையைப் பார்த்தான். கூரைக்கு மேலே எதையோ பார்ப்பது போல. முகத்தில் ரத்தம் இல்லை.

“மழை வருதாக்கா?”

“இல்ல.”

“சத்தம் நின்னுடுச்சு. லைனை அணைச்சுட்டாங்களா?”

“இது டிசி லைன்டா,” என்றாள், வாய் தானாகப் பேசியது. “சத்தம் நின்னா அணைஞ்சுதுன்னு அர்த்தமில்ல.”

“தெரியும்” என்றான். “இப்போ தெரியும்.”

இப்போ.

அந்தச் சொல் அறையின் நடுவில் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி லைனிலிருந்து வந்தவன். மழையில் பொரியும் லைன்களையே பார்த்து வளர்ந்தவன். கொட்டும் மழையில் தலைக்கு மேலே சத்தமே இல்லை என்றால் அவன் என்ன நினைப்பான்? லைன் செத்துவிட்டது என்று நினைப்பான். நினைத்து? ஏறுங்க என்று சொல்வான்.

பூனை ஏற மாட்டான். எந்த இன்ஜினியர் கத்தினாலும் ஏற மாட்டான். கடவுள் வந்து சொன்னாலும் சாவி கேட்பான். சாவி இல்லாமல், வெறும் வாய்வார்த்தையை நம்பி அவன் ஏறுவதென்றால், அந்த வார்த்தையைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

இத்தனை நாளும் இதை அவள் ஏன் கேட்கவில்லை? யார் கத்தினார்கள் என்று கேட்டாள். யாரை நம்பினான் என்று ஏன் கேட்கவில்லை?

“நீ ஜீப்புக்குப் போகல” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “சாவி கேட்டாரு. கன்ட்ரோல் ரூம்ல இருந்து வர நேரமாச்சு. மழை. நான்தான்… நனைஞ்சுக்கிட்டு நிக்காதீங்க மாமா, சத்தமே இல்ல, ஏறலாம்னு…”

வெளியே, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், படியில்.

டிங்.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. மெல்ல. தரையின் சரிவை மீறி, தம்பியின் நாற்காலியை நோக்கி.

“மாப்ளே.”

பாசமான குரல். அவள் கணவனின் குரல். சிரிப்பு கலந்த, மழையில் நனைந்த குரல்.

“மாப்ளே. சத்தமே இல்ல. ஏறலாம், வா.”

தம்பி எழுந்தான். முகத்தில் பயம்கூட இல்லை. தூக்கத்தில் நடக்கிற பிள்ளையின் முகம். முதல் தடவையாக அவன் ஓடாமல் நடந்தான். தாழ்ப்பாளை விலக்கினான்.

“டேய்! போகாதே!” அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விரல்களில் சுள்ளென்று ஒரு அடி. கை மரத்து விழுந்தது.

வெளியே அவனைச் சுற்றி மட்டும் மழை பெய்தது. ஒரு குடையளவு மழை. அது அவனுடன் நகர்ந்தது. அவன் பக்கத்தில் இன்னொரு வெற்றிடமும் நடந்தது. மழை அதன் தோளில் பட்டுத் தெறித்தது. கொக்கி ஒலித்தது. சாவிக்கொத்தும் ஒலித்தது. ஐந்தாவது தகடு, நாலாவது, மூன்றாவது. டவரை நோக்கி.

கன்ட்ரோல் ரூம். ஒரே ஒரு வார்த்தை போதும். லைனை அணைக்கச் சொன்னால் போதும். ஒரு பொத்தான். அவள் நம்பரை அழுத்தினாள்.

“கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க.” ஆபரேட்டர் பையன். “ஹலோ? வானிலை அக்காவா?”

தம்பி டவரில் கால் வைத்துவிட்டான். டவர் இரும்பில் மழை ஏறிக்கொண்டிருந்தது, அவனோடு.

“அக்கா? சொல்லுங்கக்கா.”

சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் விசாரணை அறை வந்து நின்றது. குடிச்சிருந்திருக்கலாம். அவள் எழுந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்த கை. ஐஸ் மாதிரி இருந்த கை. விடுக்கா. விட்டுடுக்கா. உண்மையைத் தெரிந்துகொண்டே, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, அவள் புருஷனைக் குடிகாரனாக்கிய கை.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா? ஏதாவது அவசரமா?”

அவன் பாதி உயரம் ஏறிவிட்டான்.

“இல்ல,” என்றாள். “ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்.”

போனை வைத்தாள்.

மேலே ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம். ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தில் டவரின் குறுக்கே நீண்ட இரும்புக் கையில் இரண்டு உருவங்கள் அருகருகே தெரிந்தன. ஒன்று இன்னொன்றின் தோளில் கை போட்டிருந்தது. வெடிச்சத்தம் பிறகுதான் வந்தது. குவார்ட்டர்ஸில் விளக்குகள் இமைத்தன. இமைத்து மறுபடி எரிந்தன. அவ்வளவுதான். லைன் ஒரு நொடி செத்து, தானாகவே உயிர் பிழைத்துக்கொண்டது. அன்றும் இப்படித்தான்.

பிறகு சீறல் திரும்பியது.

முதலில் டவர் பக்கம். அப்புறம் கொட்டகைக்கு மேலே. அப்புறம் அவள் வீட்டுக்கு மேலே. ‘ஸ்ஸ்ஸ்’ என்று, முழுசாக, ஒரு கிழிசலும் இல்லாமல். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். படி காய்ந்திருந்தது. கித்தான் வாசனை போய்விட்டது. அவன் வந்த வேலை முடிந்துவிட்டது; போய்விட்டான். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தூரத்தில் ஆட்கள் கத்திக்கொண்டு டவரை நோக்கி ஓடினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு பெருமூச்சு வந்தது.

மடியில் கைபேசி அதிர்ந்தது.

முதல் தகடு.

அவள் திரையைப் பார்த்தாள். கோடு ஏறியது. அடைமழை அளவுக்கு. டவர் பக்கம் சீறல் மறுபடி அறுந்தது.

“இல்ல,” என்றாள். “முடிஞ்சுடுச்சு. முடிஞ்சுடுச்சு இல்ல?”

இரண்டாவது.

காதைத் தீட்டிக்கொண்டாள். கொக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். டிங் வரட்டும். அவன்தான் என்றால் பயமில்லை. அவன்தான் என்றால்.

டிங் வரவில்லை.

சரக் சரக் என்று ஓடும் காலடி. கூடவே சாவிக்கொத்து குலுங்கும் சத்தம்.

மூன்று. நாலு.

ஒரு நாளைக்கு ஒரு தகடு என்று காத்திருக்கிறவன் இல்லை இவன். நடக்கத் தெரியாதவன்.

ஐந்து.

கதவைச் சாத்த எழுந்தாள். கால் வழுக்கியது. படி நனைந்திருந்தது.

“அக்கா,” என்றது மழை, மூச்சிரைக்க, மிக அருகில். “கூப்பிட்டியே. ஏன் சொல்லல?”

அவள் தலைக்கு மேலே லைன் வாயை மூடிக்கொண்டது.